சி படிவம்: ஏற்காட்டுப் பொதுக்காட்டுக்குத் தேறுமா?

2006 வன உரிமைச் சட்டத்தில் தனி நிலத்துக்கு உரிமை கேட்க ஏ படிவம். விறகு, தேன், மேய்ச்சல் மாதிரி பொது அனுபவத்துக்கு பி. ஊரே காட்டைக் காத்து நிர்வகிக்க வேண்டுமென்றால் சி படிவம்தான். சட்டத்தின் விதிகளில் செய்த 2012 திருத்தத்தில் வந்தது. இந்தப் படிவத்துக்கு மதிப்பெண் போட்டால் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

வரைபடப் பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. சர்வேயர் வேண்டாம். ஓடை, பாறை, சாமி இருக்கும் சோலை, சுடுகாடு என்று அடையாளம் குறித்த வழக்க எல்லை போதும். சர்வே எண், கம்பார்ட்மெண்ட் எண் (வனத்துறை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து இட்ட எண்) எல்லாம் ‘தெரிந்தால்’ எழுதினால் போதும் என்று படிவத்திலேயே இருக்கிறது. எண் இல்லை என்று யாராவது திருப்பினால் அந்த வரியைக் காட்டுங்கள்.

ஆதாரம் ஒன்றுக்கு மேல் வேண்டும். பெரியவர் வாக்குமூலம் செல்லும், ஆனால் அவர் மனுதாரராக இருக்கக்கூடாது. இங்கே ஊரே மனுதாரர்! அதனால் பக்கத்து ஊர் மூப்பரிடம் (ஊர்ப் பெரியதனக்காரர்) எழுதி வாங்குவது பத்திரம். எல்லைத் தகராறும் அப்போதே தெரிந்துவிடும்.

சிக்குவது கோரத்தில், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கில். கிராம சபை உறுப்பினரில் பாதிப்பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒரே ஊராட்சியின் குக்கிராமங்கள் சரிவுக்குச் சரிவு சிதறிக் கிடக்கும் மலையில், காப்பி பறிப்பு நாளில் கூட்டம் போட்டால் கதை முடிந்தது.

பெரிய குறை வேறு. எல்லையைக் கேட்கும் படிவம், அதற்குள் யார் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்பதே இல்லை. பொதுநிலம் நிலைப்பது அதில்தான். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் மலை ஊரில் 1517-லேயே விதி எழுதிவிட்டார்கள்: குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டு வளர்க்க முடிந்த மாடுகளைத் தவிர, கூடுதலாக ஒன்றைக்கூட கோடை மேய்ச்சலுக்கு ஓட்டக்கூடாது. பணக்காரர் வெளியிலிருந்து மாடு வாங்கி மேய்க்க வழியே இல்லை. இங்கே மலை ஊர்களின் மரபுத் தலைவர்களான பட்டக்காரரும் மூப்பரும் வாய்மொழியாகச் சொல்லிவந்ததை எழுத்தில் கொண்டுவர சட்டத்தின் 5-ஆம் பிரிவு கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. வீட்டுக்கு எத்தனை ஆடு, கடுக்காய் எந்த மாதம், எந்தச் சரிவில் கத்தி வைக்கக்கூடாது என்று தனித்தாளில் எழுதி, தீர்மானமாக நிறைவேற்றிப் படிவத்தோடு இணைத்துவிடுங்கள்.

கிராம சபை சார்பில் மனுவைப் பெறும் வன உரிமைக் குழுவிடம் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். கிராம சபைத் தீர்மானம் பாதகமாக வந்தால் கோட்ட அளவிலான குழுவுக்கு முறையிட 60 நாள்தான்.