பழைய சிட்டியா, பழைய வெர்னா டீசலா: எது கையைக் கடிக்கும்?

மூன்று, நான்கு லட்சத்துக்குள் செகண்ட் ஹேண்டில் செடான் தேடினால், சுற்றிச் சுற்றி மூன்று வண்டிகள்தான் கண்ணில் படும். 2008 கடைசியில் வந்து 2013 வரை ஓடிய ஹோண்டா சிட்டி பெட்ரோல், 2011-இல் வந்த ஹூண்டாய் வெர்னா ஃப்ளூயிடிக் 1.6 டீசல், 2012-க்குப் பிந்தைய மாருதி டிசையர் டீசல். கேட்கிற விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. வாங்கின பிறகு வைக்கிற செலவில் இருக்கும்.

சிட்டியின் பெரிய பலம் அதில் இல்லாத சாமான்கள்தான். டர்போ இல்லை, காஸ்ட்லியான டீசல் இன்ஜெக்டர் இல்லை, டைமிங் பெல்ட் மாற்றும் வேலையும் இல்லை, செயின்தான். 1.5 லிட்டர் ஐ-விடெக் இன்ஜினுக்கு மூன்றரை லிட்டர் சொச்சம் ஆயில் போதும். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும். டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுகளுக்கு விடுகிற இடைவெளியை மட்டும் அவ்வப்போது பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பல ஒர்க்‌ஷாப்களில் அதை யாரும் தொடுவதே இல்லை.

தொல்லை கொடுப்பது இன்ஜினைச் சுற்றியிருப்பவைதான். சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்கினால் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர், அதாவது இன்ஜின் மவுண்ட் போய்விட்டது என்று அர்த்தம். "ட்யூனிங் பண்ணினா சரியாயிடும் சார்" என்று டீலர் சொல்வார், சரியாகாது. அடுத்தது சஸ்பென்ஷன். தரையிலிருந்து 160 மில்லிமீட்டர்தான் உயரம். ஐந்து பேர் ஏறினால் நம்மூர் வேகத்தடைகளில் அடி தட்டாமல் போவது கஷ்டம். டெஸ்ட் டிரைவ் போகும்போது ஹைவேக்கு அழைத்துப் போனால் ஏமாறாதீர்கள். ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்தி, குண்டும் குழியுமான தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். முன்பக்கம் டொக் டொக் என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கும். உயிர் போகிற செலவு இல்லை, ஆனால் பேரம் பேச நல்ல காரணம்.

சிட்டி வாங்குகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டியது ஏர்பேக். தகாட்டா கம்பெனியின் கோளாறான ஏர்பேக்குகளை மாற்றித் தர வண்டிகளைத் திரும்ப அழைத்த ரீகாலில் இந்தத் தலைமுறை சிட்டியும் சேர்ந்தது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் மாற்றியாயிற்றா என்று கம்பெனியில் சொல்லிவிடுவார்கள், மாற்றித் தருவதும் இலவசம். இந்த ஒரு விசாரிப்பைச் சோம்பல்பட்டு விடாதீர்கள். இன்னொன்று, பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் ஈ20 பெட்ரோலை (இருபது சதவீதம் எத்தனால் கலந்தது) மனத்தில் வைத்து இந்த வண்டிகளைச் செய்யவில்லை. மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும், பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் எல்லாம் சீக்கிரம் மாற்ற வேண்டிவரலாம்.

வெர்னாவை ஓட்டிப் பார்த்தால் மனசு மாறிவிடும், அதுதான் ஆபத்து. 128 பிஎஸ் பவர், 260 நியூட்டன் மீட்டர் டார்க். திருச்சி ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்ய கியரைக் குறைக்கவே தேவையில்லை. ஆனால் அதே ரோட்டில் நூறைத் தாண்டினால் பின்பக்கம் தொட்டில் ஆடுகிற மாதிரி ஆடும். ஆரம்ப வருட வண்டிகளில் இது அதிகம், ஸ்டியரிங்கும் ரொம்ப லேசு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கடகடத்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் கப்ளிங்தான். சாமான் மலிவு, கழற்றி மாட்டுகிற கூலிதான் அதைவிட அதிகம்.

உண்மையான பயம் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச். இன்ஜின் சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். லேசாகப் புகை வந்தால் பரவாயில்லை. குபுகுபுவென்று விட்டு விட்டுப் புகை தள்ளி, மூடியை மேலே வைத்தால் குதிக்கிறது என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டர்போவோ நான்கு இன்ஜெக்டர்களோ மாற்ற நேர்ந்தால் பில் பல ஆயிரங்களில் வரும், கேஸைப் பொறுத்து அரை லட்சத்தையும் தொடும். ஒரே ஆறுதல், இந்த பிஎஸ்4 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் தொல்லை கிடையாது.

பலரும் கணக்கில் சேர்க்காதது இன்ஷூரன்ஸ். வெர்னாவின் இன்ஜின் 1582 சிசி. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 7,897 ரூபாய். 1497 சிசி சிட்டிக்கு 3,416 ரூபாய்தான். ஜிஎஸ்டியும் சேர்த்தால் வருடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் வித்தியாசம். வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் இது போகும்.

சரி, டீசலில் மிச்சம் எவ்வளவு? பெட்ரோல் 100, டீசல் 92 என்று வைத்துக்கொள்வோம். சிட்டி 13, வெர்னா 17 மைலேஜ் கொடுத்தால், வருடம் 10,000 கிலோமீட்டருக்கு எரிபொருளில் சுமார் 23,000 ரூபாய் மிச்சம். இன்ஷூரன்ஸ் வித்தியாசத்தைக் கழித்தால் பதினேழு, பதினெட்டாயிரம். ஐந்து லிட்டருக்கு மேல் ஆயில், டீசல் ஃபில்டர் என்று ஒவ்வொரு சர்வீஸிலும் கூடுதல் செலவு வேறு. ஒரு டர்போ பில் வந்தால் இரண்டு, மூன்று வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும். ஆபீசுக்கும் கோயிலுக்கும் ஊருக்குமாக வருடம் 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் என்று சொல்லவே ஒன்றும் தேறாது. அவருக்கு சிட்டிதான், யோசிக்கவே வேண்டாம். வருடம் 20,000 ஓட்டுகிறவர் வெர்னா பக்கம் போகலாம், அதுவும் சர்வீஸ் ரெக்கார்டு கையில் இருந்தால் மட்டும்.

டிசையர் டீசலைத் தனியாக அலச அதிகம் இல்லை. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின், மூலை முடுக்கு மெக்கானிக்குக்கும் அத்துப்படி, ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும். 1248 சிசி என்பதால் இன்ஷூரன்ஸும் குறைவு. ஆயிலை இழுத்தடித்து மாற்றிய வண்டியில் டைமிங் செயின் தளர்ந்துவிடும். காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது முதல் இரண்டு விநாடி உலோகச் சத்தம் கேட்டால் அதுதான். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருக்கேன்" என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். டாக்ஸியாக ஓடி, டி-போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாறிய வண்டிகள் இதில் நிறைய. மீட்டர் எண்பதாயிரம் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள்.

சென்னை வண்டி என்றால் 2015, 2023 வெள்ளம் ஞாபகம் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டி.

அப்புறம் ஆர்சி. டெல்லியில் கொண்டுவந்த மாதிரி பத்து வருட டீசலுக்குத் தடை இங்கே இல்லை. ஆனால் பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், கூடவே பசுமை வரி, வண்டியை எஃப்சிக்குத் தயார் செய்கிற டிங்கரிங், பெயிண்ட் செலவு. 2012 வண்டியென்றால் 2027-லேயே அது வந்து நிற்கும், அந்தத் தொகையை இப்போதே விலையில் குறைத்துக் கேளுங்கள்.