பனியும் டைக்கும் சேர்ந்து பார்க்க: ஃபூஜியா, எட்னாவா?

தருமபுரி, கிருஷ்ணகிரிக் குவாரிகளில் வெட்டும் கறுப்பு கிரானைட்டில் பெரும்பங்கு டோலரைட். சுமார் 237 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளில் ஏறிய பாறைக்குழம்பு, வெளியே வராமல் உள்ளேயே இறுகிச் சுவர்போல் நின்ற டைக் அது. ஓரத்தில் சீக்கிரம் ஆறியதால் மணி மணியாகத் தெரியாத நுண்கல், நடுவில் மெதுவாக ஆறியதால் பருக்கல். குவாரிச் சுவரில் இதை ஒருமுறை கவனித்துவிட்டு, பனியும் டைக்கும் சேர்ந்து பார்க்க ஜப்பானின் ஃபூஜிக்கோ இத்தாலியின் எட்னாவுக்கோ போகும் பயணத்தைத் திட்டமிடுங்கள். எரிமலைக்குள் நிற்கும் டைக்கைப் பார்த்ததும் அடையாளம் தெரியும்.

ஃபூஜிக்குப் போவது சுலபம். பெங்களூரிலிருந்து டோக்கியோவின் நரிதா விமான நிலையத்துக்கு நேரடி விமானம் உண்டு. ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் புதைந்து குழம்பு பிறக்கும் இடத்து மலை இது. ஆனால் 3,776 மீட்டர் மலையில் ஏற விடுவது ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் 10 வரைதான். அப்போது பனி இருக்காது. பனி இருக்கும்போது பாதை மூடியிருக்கும். 1707-இல் வெடித்த ஹோயெய் பள்ளத்தின் சுவரில் டைக்குகள் தெரியும். சாலை முடிந்து ஏறுவழி தொடங்கும் ஃபுஜினோமியா ஐந்தாம் நிலையத்திலிருந்து ஒரு மணி நேர நடைதான், அதுவும் கோடையில் மட்டும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு அடிவாரத்து அவொகிகஹரா காடு மிஞ்சும். அது 864-இல் வழிந்த லாவாவின்மேல் வளர்ந்தது.

எட்னாவில் இந்தச் சிக்கல் இல்லை. மலையின் தெற்குச் சரிவில் உள்ள ரிஃபுஜியோ சப்பியென்சா வரை (சுமார் 1,900 மீட்டர்) தார்ச்சாலை. அங்கிருந்து கேபிள் கார் 2,500 மீட்டர் வரை போகும். மார்ச் மாதத்தில் மேலே பனி நிற்கும். வாலே டெல் போவே என்ற பெரும்பள்ளத்தின் விளிம்புக்குப் போய்வர அரை நாள் ஆகும். அதன் செங்குத்துச் சுவர்களில் பனி அதிகம் தங்காது. எனவே பழைய எரிமலை அடுக்குகளைக் கிழித்து நிற்கும் டைக்குகளையும் பனியையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். கல் படிக்கப் போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை எட்னாதான்.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். 2017 மார்ச்சில் லாவா பனிமேல் ஓடியபோது, அடியில் சிக்கிய நீர் நொடியில் ஆவியாகி வெடித்தது. சுமார் பத்துப் பேர் காயமடைந்தார்கள். ஓடும் லாவா அருகே பனியில் நிற்கவே கூடாது. உச்சிப் பகுதிக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டும் போங்கள். இறுகிய பனிக்குக் காலணியில் மாட்டும் முள்தகடு வேண்டும். சாம்பல் தூளுக்குப் பக்கம் மூடிய கண்ணாடி வேண்டும். சாம்பல் எழுந்தால் மலைக்கு அருகிலுள்ள கத்தானியா விமான நிலையம் மூடப்படலாம். திரும்பும் டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாளாவது கையில் வைத்திருங்கள்; இத்தாலிக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவிலும் அந்த நாட்களைச் சேர்த்தே கேளுங்கள்.