நியூ யார்க்கர் கார்ட்டூன் வசனப் போட்டி: பல ஆண்டுப் பங்கேற்பில் கண்டது

‘தி நியூ யார்க்கர்’ என்ற அமெரிக்க இதழின் கடைசிப் பக்கங்களில் வசனமில்லாத கார்ட்டூன் ஒன்று வரும். அதற்குப் பொருத்தமான நகைச்சுவை வசனத்தை வாசகர்கள் எழுதி அனுப்ப வேண்டும். 1999 முதல் ஆண்டுக்கொரு முறை நடந்த இந்தப் போட்டி, 2005 முதல் வாரப் போட்டியாகிவிட்டது. வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள்; இறுதிக்கு மூன்று வசனங்களே தேறும். அவற்றில் வென்றதை வாசகர் வாக்கு முடிவு செய்கிறது.

பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். இன்னும் இறுதி மூன்றில் இடம் கிடைக்கவில்லை. திரைப்பட விமர்சகர் ரோஜர் எபர்ட்டே நூறு முறைக்கு மேல் அனுப்பிய பிறகு, 2011இல்தான் வென்றார்.

படம் வந்ததும் யாருடைய வாய் திறந்திருக்கிறது என்று பார்க்கிறேன். வசனம் அவருடையது, கார்ட்டூனை வெளியிலிருந்து விளக்கும் வரி எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் எடுபடாது. மனநல மருத்துவரின் சோபாவில் கரடி படுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். குளிர்கால உறக்கம் பற்றிய வசனம் எல்லோருக்கும் உடனே தோன்றும். அதையே நூற்றுக்கணக்கானோர் அனுப்பியிருப்பார்கள். வாய் திறந்திருப்பவர் மருத்துவர் என்றால், “வெளியே காத்திருந்த முயல் எங்கே?” என்று அவரைக் கேட்க வைப்பேன். படத்தில் இல்லாத முயல் வாசகரின் மனத்தில் வந்துவிடுகிறது. கரடியின் திருப்தியான முகத்தை மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. 250 எழுத்துவரை அனுமதி உண்டு என்றாலும், அதில் கால்வாசியைத் தாண்டினாலே சிரிப்பு நீர்த்துவிடுகிறது.

எழுதுவதைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மற்றவர்களின் வசனங்களை மதிப்பிடும் இணையப் பகுதிதான். 2016 முதல் வாசகர்களே ஒவ்வொரு வசனத்துக்கும் ‘சிரிப்பில்லை’, ‘ஓரளவு’, ‘சிரிப்பு’ என்ற மூன்று நிலைகளில் ஒன்றைத் தருகிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை, நல்ல மதிப்பீடு பெறும் வசனங்களை மேலும் பலரிடம் காட்டுகிறது. இதழின் உதவியாளர்கள் மலைபோல் குவிந்த வசனங்களைப் படித்துச் சலித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது நியாயமான ஏற்பாடு. குறையும் உண்டு: சில நொடிகளில் முடிவெடுக்கும்போது சிலேடை சட்டென்று பிடித்துவிடுகிறது, மெல்ல உறைக்கும் வசனம் தள்ளப்படுகிறது. அதனால் ‘சிரிப்பில்லை’ என்பதை அழுத்துமுன் படத்தை இன்னொரு முறை பார்க்கிறேன்.

ஒருவர் ஒரு வாரத்துக்கு ஒரு வசனம்தான் அனுப்பலாம். இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்தாறு எழுதி, ஒரு நாள் ஆறப்போட்டு, மறுநாளும் சிரிக்க வைப்பதை மட்டும் அனுப்புகிறேன். புதிதாகச் சேர்பவர்கள் முதல் சில வாரங்கள் மதிப்பீடு மட்டும் செய்துவிட்டு எழுதத் தொடங்கலாம்.