ஸ்டியரிங் மக்கர் செய்யும் பந்தயக் கார்: திருத்தி ஓட்டுவதா, முழுதாக விற்பதா, பிரித்து விற்பதா?

எஞ்சின் கெட்டால் கார் நின்றுவிடும். என்ன கோளாறு என்பதில் சந்தேகம் இருக்காது. ஸ்டியரிங் கெட்டால் கார் ஓடும், ஓட்டுபவருக்குத்தான் அதன்மேல் நம்பிக்கை போய்விடும். ஆசை ஆசையாகக் கட்டிய பந்தயக் கார்கள் பல தார்ப்பாய்க்குள் முடங்குவதற்கு இந்த நம்பிக்கையின்மையே காரணம்.

அந்த நிலையில் இருப்பவர் முன் ஐந்து வழிகள் உள்ளன: டை ராட் (ரேக்கை டயரோடு இணைக்கும் கம்பி) கோணத்தைத் திருத்துவது, ரேக்கை (ஸ்டியரிங் சுழற்சியை இடவல அசைவாக்கும் பல்சட்டம்) மாற்றுவது, ஸ்டியரிங்குக்கு மின்சார உதவி பொருத்துவது, காரை உள்ளபடியே விற்பது, பிரித்து விற்பது. முதல் மூன்றும் பட்டறை வேலை, கடைசி இரண்டும் பணக் கணக்கு என்று பலர் தனித்தனியாக யோசிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்னும் சில சீசன் ஓட்டப்போகிறவருக்குப் பொருந்தும் திருத்தம், அடுத்த மாதம் விற்கப்போகிறவருக்கு வெட்டிச் செலவு.

எந்த வழியானாலும் முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும். ஸ்டியரிங் சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு முறை இறுகி இரண்டு முறை தளர்ந்தால் ரேக்கைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டியரிங் தண்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டுகள் (கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுகள்) ஒன்றுக்கொன்று ஒத்த நிலையில் இல்லை. ஸ்ப்ளைன் (பல்வரிசை) தண்டாக இருந்தால் ஒரு முனையைக் கழற்றி, நடுத்தண்டின் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் வரும்படி திருப்பிப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும், காசு செலவில்லை. நேராகப் பிடிக்கும்போது நடுவில் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டையும் ரேக்கைத் தாங்கும் புஷ்ஷையும் பாருங்கள். ஒருவர் ஸ்டியரிங் சக்கரத்தை இடவலமாக ஆட்ட, இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்த்தால் போதும். மேடு பள்ளத்தில் கார் தானாகவே ஒரு பக்கம் தாவினால், அதுவும் காரின் உயரத்தைக் குறைத்த பிறகு அது தொடங்கியிருந்தால், அதன் பெயர் பம்ப் ஸ்டியர் (bump steer).

பம்ப் ஸ்டியரை அளக்காமல் பாகம் வாங்குவதுதான் எனக்கு எரிச்சல் தரும் பழக்கம். லோயர் ஆர்மும் (சஸ்பென்ஷனின் கீழ்க்கை) டை ராடும் வெவ்வேறு வளைவில் ஏறி இறங்குவதால், சஸ்பென்ஷன் அசையும்போதெல்லாம் டயரின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் அது உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு, மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி, ஹப்பில் (வீல் பொருந்தும் மையப் பகுதி) ஒரு தட்டையான பலகையை முடுக்குங்கள். பலகையின் முன்னும் பின்னும் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவி) ஒவ்வொன்றைத் தொட வைத்து, ஜாக்கியால் 10 மில்லிமீட்டர் வீதம் ஏற்றி, இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். வரைபடம் சாய்ந்த நேர்கோடாக வந்தால் டை ராடின் உயரம் தவறு. வாஷர் வைத்துத் திருத்தலாம். வில்லாக வளைந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் டோ ஒரே திசையில் போனால் தவறு நீளத்தில், அதாவது ரேக்கின் அகலத்தில். அதற்கு எத்தனை வாஷர் அடுக்கினாலும் பயனில்லை.

உயரத் தவறுக்கான வழக்கமான மருந்து, வெளி டை ராட் எண்டை எடுத்துவிட்டு ராட் எண்ட் (உருண்டை மூட்டு), போல்ட், ஸ்பேசர் (இடைவெளி தரும் குழல்) பொருத்துவது. மலிவு, பலன் உடனே தெரியும். ஆனால் இரண்டு விஷயங்களை யாரும் முதலில் சொல்வதில்லை. ஸ்பேசர் நீளமாக ஆக போல்ட்டின் மேல் வளைக்கும் விசை ஏறுகிறது. அடுத்து, ஸ்டியரிங் ஆர்மின் (டை ராட் வந்து பூட்டப்படும் கை) கூம்புத் துளையை நேர்த் துளையாக்கிவிட்டால் பழைய பாகத்துக்குத் திரும்ப முடியாது. ஓட்டப்போகிறவருக்கு இது பொருட்டில்லை. விற்கப்போகிறவர் துளைபோடும் மிஷினை எடுக்கவே வேண்டாம்.

கனம் வேறு கதை. காஸ்டர் (டயர் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கூடினாலும், அகல டயர் போட்டாலும், வீல் வெளியே தள்ளி நின்றாலும் ஸ்டியரிங் கனக்கும். பவர் ஸ்டியரிங் பம்ப்பைக் கழற்றிவிட்டு, ரேக்கின் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்து விடுபவர்கள் தேவையில்லாத கனத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் ஒவ்வொரு திருப்பத்திலும் இடித்துத் தள்ளப்படுகிறது. ரேக்கைப் பிரித்து பிஸ்டன் சீலை எடுத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதற்குப் பதில் முதலிலிருந்தே பவர் இல்லாத ரேக் பொருத்தலாமே என்று தோன்றும். 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையைப் பாருங்கள்: பவர் ரேக்கின் விகிதம் 15:1 (ஸ்டியரிங்கை 15 டிகிரி திருப்பினால் டயர் 1 டிகிரி திரும்பும்), பவர் இல்லாத ரேக்கினுடையது 18:1. பின்னது லேசு, ஆனால் பின்பக்கம் வழுக்கும்போது கையை அதிகம் சுற்ற வேண்டும். பந்தயத்துக்கு நான் சீல் எடுத்த 15:1 ரேக்கையே தேர்வேன், தோள் வலித்தாலும்.

தோள் உண்மையிலேயே ஒத்துழைக்காதவர்களுக்கு மின்சார உதவி இருக்கிறது. சாதாரணக் கார்களின் ஸ்டியரிங் தண்டோடு வரும் மோட்டாரை எடுத்து, தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் பொருத்துவார்கள். தண்டை வெட்டி ஒட்ட வேண்டும், மோட்டாரின் எதிர்விசையைத் தாங்கும் பிராக்கெட் வேண்டும், தடித்த மின்கம்பி வேண்டும். கைக்குச் சுகம். பம்ப் ஸ்டியரை மட்டும் அது தொடாது. கையில் தெரிய வேண்டிய அறிகுறியை மழுங்கடித்தும் விடலாம். விற்கும் எண்ணத்தோடு இதைச் செய்வதைவிட வீண்வேலை கிடையாது. வாங்குபவர் கண்ணுக்கு அது யாரோ வெட்டி ஒட்டிய ஸ்டியரிங் தண்டு, அவ்வளவுதான்.

சரி, மனம் ஏற்கெனவே காரைவிட்டுப் போய்விட்டது என்றால்? முழுதாக விற்பதற்கே என் ஓட்டு. அதற்கு முன் ஆட்டத்தையும் ஜாயிண்டையும் சரிசெய்துவிடுங்கள். தேய்ந்த இணைப்போடு காரை இன்னொருவரிடம் ஒப்படைப்பது நியாயமில்லை. பம்ப் ஸ்டியரை அளந்து, அந்தத் தாளையே விளம்பரத்தோடு கொடுங்கள். "ஸ்டியரிங்கில் சின்னப் பிரச்சினை" என்று எழுதினால் வாங்குபவர் வளைந்த சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) வரை கற்பனை செய்து விலையைக் குறைப்பார். டோ எத்தனை மில்லிமீட்டர் மாறுகிறது என்று எழுதினால் பேரம் அந்த எண்ணுக்குள் நிற்கும். பந்தய இருக்கையின் லேபிளையும் பாருங்கள்: எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) 8855-1999 தர இருக்கைக்கு ஆயுள் 5 ஆண்டு, 8862-2009க்கு 10 ஆண்டு. காலாவதியானதை விலையில் சேர்த்துக் கேட்டால் பேச்சு அங்கேயே முறியும்.

பிரித்து விற்றால் கூட்டுத்தொகை கூடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், வீல்கள் முதலில் போய்விடும். ரோல் கேஜ் (ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) பற்றவைத்த வெறும் கூடு மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தேடி வருபவர் அரிது. பழைய வீல்கள் நான்கையும் ஸ்டியரிங் ரேக்கையும் கடைசிவரை விற்காமல் வைத்திருங்கள், இல்லையென்றால் கூட்டை டிரெய்லரில் ஏற்றவே ஆட்கள் சேர்க்க வேண்டிவரும். கூடு வளைந்தோ துருவேறியோ இருந்தால் மட்டும் இந்த வழி எனக்குச் சம்மதம். நல்ல கூடாக இருந்து, கழற்றிய பழைய பாகங்களும் பெட்டியில் பத்திரமாக இருந்தால், அந்தப் பெட்டியையும் காரோடு சேர்த்தே விலை பேசுங்கள்.