வக்கீல் வைக்காமல் சட்ட உதவி மையத்துக்குப் போன அனுபவம்
சம்மனே வராமல் எனக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது நான் ஆஜராகாததால் என் தரப்பைக் கேட்காமலே தந்த தீர்ப்பு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-இல் அந்த டிகிரியை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம், டிகிரி தேதியிலிருந்து 30 நாள் கெடு, சம்மன் முறைப்படி நம் கைக்கு வந்து சேரவில்லை என்றால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள், அதுவும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு. நானோ நேரே அப்பீலுக்கு ஓடப் பார்த்தேன்! குறை என்றால், மாதிரி மனு கையில் தரவில்லை. பிரமாணப் பத்திரம் சேர்க்காததால் என் மனு ஒருமுறை திரும்பியது. அப்புறம், மனு போட்டதும் ஜப்தி தானாக நிற்காது, தடை தனியாகக் கேட்க வேண்டும். அதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். ஐந்துக்கு நாலு.