செல்போன் லென்ஸ் வாங்கப் போனால் ஒரு சில்வர் தட்டும் கால்குலேட்டரும் கையில் இருக்கட்டும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), புதுமனை புகுவிழா, பழைய வீட்டு வீடியோ என்று செல்போனிலேயே எடுத்துக் கொடுக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். உங்கள் எல்லாருக்கும்தான் இது. “10 இன் 1 சினிமா லென்ஸ் கிட்” என்று ஒரு பெட்டி கடைகளில் தொங்குகிறது. எங்கள் குழு அதை 3,400 ரூபாய்க்கு வாங்கியது. அட்டையில் போட்டிருந்தவை: 1.33 எக்ஸ் அனமார்ஃபிக், 0.6 எக்ஸ் வைட், 15 எக்ஸ் மேக்ரோ, 8 எக்ஸ் டெலி, ஃபிஷ்ஐ, சிபிஎல் ஃபில்டர், “எல்லாம் ஆப்டிகல் கிளாஸ்”. இவற்றில் சொன்ன வேலையைச் செய்தது, மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ ஒன்றுதான். மற்றவற்றில் எது எப்படிப் பொய் என்பதையும், காசு கொடுப்பதற்கு முன்பே கடையில் நின்று அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் எழுதுகிறோம்.

பெரிய மோசடி அனமார்ஃபிக்கில்தான். அதை நம்பித்தான் அந்த விலை. உண்மையான அனமார்ஃபிக் லென்ஸில் உருளை வடிவக் கண்ணாடிகள் இருக்கும். அவை காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் நெருக்கி உள்ளே அனுப்பும். 16:9 அளவில் எடுத்த காட்சியை எடிட்டிங்கில் 1.33 மடங்கு அகலப்படுத்தினால் 2.37:1 வரும், அதாவது தியேட்டர் ஸ்கோப் அளவு. 4கேயில் எடுத்திருந்தால் 3840 அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தை 2160-இலிருந்து 1624 ஆகக் குறைத்தாலும் அதே கணக்குத்தான். எங்களுக்கு வந்ததில் உருளைக் கண்ணாடியே இல்லை. சாதாரணத் தட்டைக் கண்ணாடியில் மெல்லிய கோடுகள் போட்டிருந்தார்கள். விளக்கைக் காட்டினால் நீலக் கோடு நீளமாக ஓடும். அனமார்ஃபிக் என்றாலே எல்லாருக்கும் அந்த நீலக் கோடுதான் நினைவுக்கு வரும் என்பதால் கடையில் டார்ச் அடித்து அதை மட்டும்தான் காட்டுகிறார்கள். நெருக்கம் என்பது துளியும் இல்லை. அந்தக் காட்சியை எடிட்டிங்கில் அகலப்படுத்தியபோது மணவறையில் உட்கார்ந்திருந்த ஆச்சியும் ஐயாவும் கன்னம் உப்பிப் போய்த் தெரிந்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வட்டத் தட்டு போதும். தட்டைச் சுவரில் நேராகச் சாய்த்து வையுங்கள். போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, தட்டு நடுவில் வரும்படி ஒரு படம் எடுங்கள். திரையில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அகலம் 3 செ.மீ. இருந்தால் உயரம் 4 செ.மீ. இருக்க வேண்டும். தட்டு நின்ற முட்டை போல நீண்டு தெரிந்தால் லென்ஸ் உண்மை. வட்டமாகவே தெரிந்தால் அது வெறும் கோட்டு ஃபில்டர். இன்னொரு வழியும் உண்டு: லென்ஸை மெதுவாகத் திருகுங்கள். உண்மையானதில் முட்டை வடிவமே சாயும். போலியில் கோடு மட்டும்தான் சுற்றும், தட்டு அசையாது.

உண்மையான லென்ஸ் கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதைக் கிளிப்பில் மாட்டும்போது இரண்டு மூன்று டிகிரி திரும்பியிருந்தாலே படம் கோணிவிடும். வளவுத் (நடுமுற்றத்துத்) தூண்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது போல் வரும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஒரு சிறு டார்ச்சை எதிரில் வைத்து, ஒளிக்கோடு சட்டத்தின் மேல்விளிம்புக்கு இணையாக ஓடும்வரை திருகி, அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிபிஎல், அதாவது பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெளிச்சம் படும்போது பூ வேலைப்பாடு மறைந்து வெள்ளைத் திட்டாகிவிடும். அதைக் குறைக்கத்தான் நம் ஊரில் இந்த ஃபில்டரை அதிகம் தேடுகிறார்கள். பெட்டியில் வந்தது வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி. படத்தை இருட்டாக்கியது, பளபளப்பை அப்படியே விட்டது. இதற்குச் சோதனை மளிகைக்கடைக் கால்குலேட்டர். அதன் திரையை ஃபில்டர் வழியாகப் பார்த்துக்கொண்டே கால் வட்டம் திருப்புங்கள். ஒரு நிலையில் திரை முழுக்கக் கறுத்துவிட வேண்டும். ஃபில்டரின் வெளிப்பக்கம் கால்குலேட்டரைப் பார்த்தும், போனில் மாட்டும் பக்கம் உங்கள் கண்ணைப் பார்த்தும் இருப்பது முக்கியம். தலைகீழாகப் பிடித்தால் நல்ல சிபிஎல்கூடக் கறுக்காது, நிறம் மட்டும் லேசாக மாறும். பல கடைக்காரர்களுக்கே இது தெரியாததால் நல்ல பொருளைப் போலி என்றும், போலியை நல்லது என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

நல்ல சிபிஎல் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). செங்குத்தாகத் தரையைப் பார்த்து எடுத்தால் பயனே இருக்காது. செங்குத்திலிருந்து ஏறக்குறைய 55 டிகிரி சாய்ந்து பார்க்கும்போதுதான் பளபளப்பு நன்றாக அடங்கும். கல், தேக்கு மெருகு, கண்ணாடி இவற்றில் வேலை செய்யும். பித்தளைக் குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான் மினுமினுப்பு இதற்குக் கட்டுப்படாது.

வைட் லென்ஸ் விஷயத்தில் ஒரு பெருக்கல் கணக்கு உங்கள் பணத்தைக் காப்பாற்றும். இன்றைய போன்களின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம். இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும். அதில் 0.6 எக்ஸ் மாட்டினால் 24 × 0.6 = 14.4 மி.மீ. பல போன்களில் உள்ள அல்ட்ராவைட் 13 மி.மீ. பக்கம். ஏற்கெனவே கையில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறுகலான ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம். வாங்க நியாயமான காரணம் ஒன்று உண்டு. இரண்டாங்கட்டு போன்ற வெளிச்சம் குறைந்த இடங்களில் அல்ட்ராவைட்டின் சிறிய சென்சார் புள்ளி புள்ளியாகிவிடும், அங்கே முதன்மைக் கேமராவின் பெரிய சென்சாரோடு நல்ல வைட் லென்ஸ் சேர்ந்தால் படம் சுத்தமாக வரும். ஆனால் அதற்குப் பின்பக்கக் கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டும். பழைய சிறு சென்சார் போன்களுக்கு வடித்த லென்ஸைப் புதிய போனில் மாட்டினால் நான்கு மூலையும் கறுக்கும். எங்கள் கிட்டில் அதுதான் நடந்தது. 1.3 வரை ஜூம் செய்தால்தான் கறுப்பு போகிறது, அதோடு வைட்டும் போய்விடுகிறது.

கடைத் தரை டைல்ஸே இதற்குச் சோதனைப் பலகை. போனை நெஞ்சு உயரத்தில் தரையை நேர்கீழாகப் பார்த்துப் பிடியுங்கள். டைல்ஸ் இடைக்கோடு சட்ட விளிம்புக்கு இணையாக இருக்கட்டும். ஓரக் கோடுகள் வில்லாக வளைகின்றனவா, மூலையில் எழுத்து மாதிரி நுணுக்கமான பூவேலை குழைகிறதா, வெள்ளை விளிம்பில் ஊதா நிறம் கசிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். கவர் மேல் கிளிப் போட்டதால் லென்ஸ் சாய்ந்திருக்கும். கவரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள்.

தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸ் மாட்டியும் மாட்டாமலும் ஒரே கதவுப் பிடியை எடுத்துத் திரையில் அளந்தோம். 8 எக்ஸ் என்று எழுதியது இரண்டரை மடங்கைத் தாண்டவில்லை. முக்காலி இல்லாமல் அதுவும் ஆடுகிறது. ஃபிஷ்ஐ, கலைடோஸ்கோப் எல்லாம் எண்ணிக்கையைப் பத்தாக்கப் போட்டவை.

மேக்ரோ மட்டும் உருப்படி. இதிலும் ஒரு சூட்சுமம்: பெரும்பாலான கிட்டில் வைட்டின் அடிப்பாகத்தைத் திருகிக் கழற்றினால் அதுவே மேக்ரோ. ஒன்றை இரண்டாக எண்ணி விற்கிறார்கள். பொருளிலிருந்து 2 செ.மீ. பக்கத்தில் போனால்தான் தெளியும். அவ்வளவு நெருக்கத்தில் போனின் நிழலே பொருள் மேல் விழும், பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு எல்இடி தேவை. கண்டாங்கிச் சேலையின் கட்டம், கல் நகையின் கட்டுவேலை எடுக்க அருமை. தட்டையான பொருளுக்குத்தான் இது, கழுத்திரு போன்ற மேடு பள்ளமான நகையில் ஒரு தளம் தெளிந்தால் மற்றது மங்கிவிடும். அங்கே கொஞ்சம் தள்ளி நின்று 2 எக்ஸில் எடுத்து வெட்டிக்கொள்வது மேல்.

“ஆப்டிகல் கிளாஸ்” என்று எழுதியிருந்த எங்கள் மேக்ரோவும் அக்ரிலிக்தான். பிளாஸ்டிக் என்பதே குற்றமில்லை, போனுக்குள் இருக்கும் லென்ஸ்களே பெரும்பாலும் பிளாஸ்டிக். கண்ணாடி என்று சொல்லி அந்த விலை வாங்கியதுதான் குற்றம். கண்ணாடி தொட்டால் சில்லென்று இருக்கும், கையில் கனக்கும். டியூப்லைட்டைப் பிரதிபலிக்க வைத்துப் பாருங்கள், பூச்சு இருந்தால் ஊதாவோ பச்சையோ தெரியும், பூச்சு இல்லாவிட்டால் வெள்ளையாகவே தெரியும். அக்ரிலிக்கை வேட்டி நுனியால் துடைத்தால் ஒரே நாளில் கீறல் விழும்.

இதையெல்லாம் கடையில் காட்டியபோது, “அண்ணே, உங்க போன்லதான் கோளாறு, இது ஐபோனுக்குச் செஞ்சது” என்றார்கள். இந்தப் பதிலை எல்லாரும் கேட்பீர்கள். அதனால் போன் பக்கக் காரணங்களை முதலிலேயே நீக்கிவிடுங்கள். எந்தக் கண் முதன்மைக் கேமரா என்று விரலால் மூடிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பொருள் அருகில் வந்தாலோ வெளிச்சம் குறைந்தாலோ போன் தானாக வேறு கேமராவுக்குத் தாவும், அப்போது லென்ஸின் ஓரமோ கிளிப்போதான் தெரியும். புதிய ஐபோன்களில் கேமரா செட்டிங்ஸில் ரெக்கார்ட் வீடியோ பகுதிக்குள் “லாக் கேமரா” இருக்கிறது. மேக்ரோ கண்ட்ரோலை இயக்கி வைத்தால் மேக்ரோ தாவலையும் நிறுத்தலாம். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோடுக்குப் போங்கள், அல்லது பிளாக்மேஜிக் கேமரா போல லென்ஸைத் தேர்ந்தெடுக்கவிடும் செயலியில் எடுங்கள். கிளிப் லேசர் ஃபோகஸ் துளையை மறைத்தாலும் ஃபோகஸ் தடுமாறும். இதே சோதனைகளை ஐபோனில் செய்தும் அந்தக் கிட் அதே முடிவைத்தான் கொடுத்தது.

காந்த வளையம் ஒட்டும் வகையை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. சித்திரை வெயிலில் பசை இளகி லென்ஸ் கழன்று விழுகிறது. கேமரா அருகே காந்தம் இருப்பது ஆட்டம் தடுக்கும் அமைப்பைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. 17 மி.மீ. திருகு உள்ள கேஸ் அல்லது நல்ல கிளிப் போதும்.

“பிரிச்ச பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்று முடித்துவிட்டார்கள். பில்லும் தரவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கைகள். திரும்பக் கொடுக்கப் பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. உடனே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நமக்குச் சிவகங்கை. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். யுபிஐ ரசீது, பெட்டியின் ஆறு பக்கப் படம், தட்டுச் சோதனைப் படம், கால்குலேட்டர் வீடியோ இவைதான் சாட்சி. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர் முகவரி, அதிகபட்ச விலை, தயாரான நாடு இல்லையென்றால் அதுவே பொட்டலப் பொருட்கள் விதிகளை மீறியது, அதையும் புகாரில் சேருங்கள். எங்கள் புகார் 1915-இல் பதிவாகியிருக்கிறது.

வீடியோ எடுப்பவர்கள் அந்தப் பணத்தை ஒரு நல்ல என்டி ஃபில்டருக்கும் (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைப்பது) உறுதியான கிளிப்புக்கும் போடலாம். நண்பகல் வெயிலில் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 50 வைத்தால் ஷட்டர் 1/4000 பக்கம் ஓடும், நடப்பவர்கள் வெட்டி வெட்டித் தெரிவார்கள். நொடிக்கு 25 ஃபிரேமில் எடுக்க ஷட்டர் 1/50 வேண்டுமென்றால் ஏறக்குறைய ஆறு ஸ்டாப் குறைக்க வேண்டும், அதாவது என்டி 64. சுழற்றும் வகை என்டியை வைட்டோடு சேர்த்து முழு அளவுக்குத் திருகினால் நடுவில் பெருக்கல் குறி போலக் கறுப்பு விழும், அதனால் நிலையான 64-ஐயே எடுங்கள். முகப்பைத் தாண்டி உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உள்ளேயும் 1/50-லேயே நின்றால் டியூப்லைட் மினுக்காது.