ரவிவர்மா லட்சுமிக்கு வாட்டர்கலரா, பட்டுத் துணியா?

எங்கள் ஆயா வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ரவிவர்மாவின் லட்சுமி படம் ஒன்று மாட்டியிருக்கும். அதில் முகமும் கைகளும் பின்னணியும் மட்டும்தான் அச்சு. சேலை நிஜப் பட்டு, கரை நிஜ ஜரிகை, நகையெல்லாம் சமுக்கியும் பாசிமணியும். செட்டிநாட்டு வீடுகளில் இப்படித் துணி உடுத்திய ரவிவர்மா படங்கள் நிறைய உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றைக்கும் கண்ணில் படும். இப்போது மிக்ஸட் மீடியா என்கிறோமே, அது இதுதான்.

ரவிவர்மாவைப் பார்த்துப் படம் செய்ய நினைப்பவருக்கு ஆக இரண்டு வழி: முழுக்க வாட்டர்கலர், அல்லது இந்த ஒட்டுவேலை. அவர் 1896-இல் வரைந்த சரஸ்வதி, லட்சுமி இரண்டையும் இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன். மொத்தம் நான்கு படம். இரண்டு தெய்வங்களுக்கும் ஒரே பதில் வரவில்லை.

சரஸ்வதிக்கு வாட்டர்கலர்தான், சந்தேகமே இல்லை. ரவிவர்மா வரைந்தது எண்ணெய் வண்ணத்தில். அதில் இருட்டை முதலில் போட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கடைசியில் வெள்ளை குழைத்து வைக்கலாம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள்தான். எங்கே வெளிச்சம் என்று முதல் நாளே முடிவு செய்து, அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். பென்சிலால் லேசாகக் கோடிழுத்து வெளிச்சத்தைப் பிரித்துக்கொண்ட பிறகுதான் பிரஷ்ஷை எடுத்தேன். சரஸ்வதி உடுத்தியிருப்பது வெள்ளைச் சேலை. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து, தண்ணீர்போல நீர்த்த சாம்பல் நிறத்தை மடிப்புகளின் நிழலில் மட்டும் போட்டேன். மீதித் தாள் தானாகச் சேலையாகிவிட்டது. அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பின்தொடரும்போதுதான், முழங்கால் எங்கே மடங்குகிறது, வீணையின் பாரம் எங்கே தாங்குகிறது என்று அந்த மனிதர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது புரிந்தது.

அதே சரஸ்வதிக்கு வெள்ளைப் பட்டு ஒட்டியபோது படம் தட்டையாகிப் போனது. உட்கார்ந்த உருவம், மடியில் வீணை. துணியை நாலைந்து துண்டாக வெட்டாமல் ஒட்டவே முடியாது. ரவிவர்மா பாடுபட்டு வரைந்த மடிப்பையெல்லாம் நானே மூடிவிட்டேன். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

லட்சுமியிடம் கதை தலைகீழ். தாமரை மேல் நேராக நிற்கிறாள், சேலை நேராக இறங்குகிறது. துணி அப்படியே உட்காரும். வாட்டர்கலரில் மஞ்சள் காவியை எத்தனை அடுக்கு போட்டாலும் ஜரிகை மஞ்சளாகத்தான் இருந்தது, தங்கமாகவில்லை. துணி உடுத்திய லட்சுமியை விளக்கின் முன்னால் வைத்தபோது சிலிர்த்துவிட்டது. கோயிலில் அலங்காரம் முடிந்து திரை விலகும்போது வருமே, அந்த உணர்வு. அந்தக் காலத்து ஆச்சிமார் அந்தப் படத்தில் திருத்தம் எதுவும் செய்யவில்லை, அம்மனுக்குச் சேலை சாத்தியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்தத் துணி என்பது முக்கியம். நம்ம ஊர்ப் பெருமை என்று கண்டாங்கித் துண்டை முதலில் வெட்டினேன். ஓரடி உயர உருவத்துக்கு அந்தப் பருத்தி தடிப்பு, கட்டமும் பெரிது. பழைய பட்டுச் சேலையின் மெல்லிய பாகம்தான் சரிப்பட்டது. வெட்டுவதற்கு முன்னால் பின்பக்கம் ஃபெவிக்காலைத் தண்ணீர்விட்டு இளக்கி ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். ஜரிகை நூல் பிரியாது. மைதாப் பசை வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அடியில் வைக்கும் படம் லேசர் பிரிண்டாக இருக்கட்டும். சாதாரண இங்க்ஜெட் மை பசை ஈரம் பட்டால் கசியும்.

வாட்டர்கலருக்கு நம்ம ஊரில் எதிரி வெயில். சித்திரை மாதத்தில் தாளை நனைத்து இரண்டாவது நிறத்தைத் தொடுவதற்குள் முதல் நிறம் காய்ந்து, ஓரம் கோடு கட்டிவிடும். அதனால் விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவேன். தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளாக இருந்தால் நல்லது. சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் இரண்டாவது அடுக்கிலேயே நாரெழும்பி முகத்தைக் கெடுத்துவிடும். செலவு முழுக்கத் தாளில்தான். ஒட்டுவேலைக்குப் பணம் குறைவு, நேரம் அதிகம். லட்சுமியின் நகைகளுக்கே எனக்கு நான்கு சாயங்காலம் ஆனது.

ரவிவர்மா இறந்தது 1906-இல். அவர் படங்களுக்குப் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, தாராளமாகப் பிரதி எடுக்கலாம். ஆனால் வீட்டில் பழைய கல்லச்சுப் படம் கிடைத்தால் தயவுசெய்து அதன் மேல் எதையும் ஒட்டாதீர்கள். 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து அச்சடித்த படங்கள் அவை. ஸ்கேன் செய்து, பிரதி மேல் வேலை செய்யுங்கள்.

அடுத்து இரண்டையும் சேர்த்து ஒரு லட்சுமி செய்துகொண்டிருக்கிறேன்: முகமும் கைகளும் என் வாட்டர்கலர், சேலை ஆயாவின் பட்டு. வண்ணம் நன்றாகக் காய இரண்டு நாள் விட்டு அப்புறம்தான் பசையைத் தொட வேண்டும். சட்டம் போடுகிறவரிடம் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி விடச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி அழுத்தினால் மழைக்காலத்தில் பட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும். முற்றத்து வெயில் நேராக விழாத சுவராகவும் பார்த்து வைத்திருக்கிறேன், பட்டும் சரி, வாட்டர்கலர் சிவப்பும் சரி, வெயிலில் வெளுத்துவிடும்.